ஆறு மணி நேரப் பிரயாணம்: ஆகாய விமானத்தில் தொழுகை, நோன்பு, இஹ்ராம்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுகிறவர்களிடமிருந்தும், பிழைப்பின் பொருட்டு அரபு நாடுகளுக்குப் போய் வருகிறவர்களிடமிருந்தும் ஆலிம்களின் செவிக்கு அடிக்கடி எட்டும் கேள்வி ஒன்று உண்டு. "காலையில் சென்னையில் ஏறுகிறோம். ஆறு மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கிவிடுகிறோம். வெயிலில்லை, தாகமில்லை, கால் வலி இல்லை. உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வருகிறது. இதையும் பிரயாணம் என்று சொல்லி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவரின் பேணுதலைப் பாராட்ட வேண்டும். ஆனால் இந்தக் கேள்விக்குள் இன்னும் பல கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை அறியாமல் விமானம் ஏறுகிறவர், கஸ்ரு விஷயத்தில் காட்டிய பேணுதலை வைத்துக்கொண்டே ஒரு ஸுப்ஹையோ ஒரு நோன்பையோ கையிலிருந்து நழுவ விட்டுவிடுகிறார்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சென்னை விமான நிலையத்துக்கும் ஜித்தா விமான நிலையத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். விமானம் செல்லும் தடம் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ருக்குரிய தூரம் இரண்டு மர்ஹலா. ஒரு மர்ஹலா என்பது சுமை ஏற்றிய ஒட்டகம் ஒரு நாளில் நடக்கும் தூரம். இரண்டு மர்ஹலாவுக்குப் பதினாறு ஃபர்ஸக், அதாவது 48 ஹாஷிமி மைல். இது 80 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல் என்று இக்காலத்தார் பலர் கணக்கிடுகிறார்கள். ஹனஃபீ மத்ஹபில் மூன்று நாள் நடைதூரம் என்பது அடிப்படை. நம் நாட்டு ஹனஃபீ உலமாக்கள் அதை 48 ஆங்கில மைல், அதாவது 77 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் என்று வரையறுத்துள்ளார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஜித்தாப் பிரயாணம் அந்த எல்லையை ஐம்பது மடங்குக்கு மேல் தாண்டி நிற்கிறது. ஒட்டகக் கணக்கில் சொன்னால் நூறு நாட்களுக்கு மேல் நடக்க வேண்டிய தொலைவு.

அந்தத் தொலைவை ஆறு மணி நேரத்தில் கடந்துவிட்டால் சட்டம் மாறுமா? மாறாது. ஆகாய விமானத்தைக் கனவிலும் கண்டிராத காலத்திலேயே நம் முன்னோர் இதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டார்கள் என்பது வியப்புக்குரியது. ஹிஜ்ரி 676-ல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம்முடைய மின்ஹாஜில் பிரயாணத் தொழுகையைப் பற்றிச் சொல்லும்போது, கடலும் தரையைப் போன்றதே என்றும், அந்த மைல்களைக் கடலில் ஒரே மணி நேரத்தில் ஒருவர் கடந்துவிட்டாலும் அவர் கஸ்ரு செய்யலாம் என்றும் கூறுகிறார்கள். பாய்மரக் கப்பலை நினைத்து எழுதப்பட்ட மஸ்அலா அது. ஆனால் காரணம் ஒன்றேதான். அளவுகோல் தூரமே தவிர, அதைக் கடக்கப் பிடித்த நேரம் அன்று. மூன்று நாள் வழியை விரைந்து செல்லும் வாகனத்தில் இரண்டு நாளில் கடந்தவரும் கஸ்ரு செய்வார் என்று ஹனஃபீ கிதாபுகளும் இதையே சொல்கின்றன.

"களைப்பில்லையே?" என்பதற்கும் பதில் உண்டு. பகைவர் பற்றிய அச்சம் இருந்தால் தொழுகையைச் சுருக்குவதில் குற்றமில்லை என்று திருமறை கூறுகிறதே, இப்போது மக்கள் அச்சமின்றி இருக்கிறார்களே என்று யஃலா இப்னு உமைய்யா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களிடம் வினவினார்கள். அதே ஐயம் தமக்கும் எழுந்ததாகவும், நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதிலளித்ததாகவும் உமர் (ரலி) அவர்கள் தெரிவித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி. அச்சம் நீங்கிய பிறகும் சலுகை நீங்கவில்லை என்றால், களைப்பு நீங்கியதால் மட்டும் அது எப்படி நீங்கும்? ஹனஃபீ மத்ஹபில் முஸாபிருக்குக் கஸ்ரு கட்டாயமே. ஷாஃபிஈ மத்ஹபில் முழுமையாகத் தொழவும் அனுமதி உண்டு. எனினும் மூன்று மர்ஹலாவை எட்டிய பிரயாணத்தில் கஸ்ரு செய்வதே சிறப்பு.

எங்கிருந்து தொடங்கும்?

வீட்டுக் கதவைப் பூட்டியதும் ஒருவர் முஸாபிர் ஆகிவிடுவதில்லை. ஊரின் கட்டடங்களைத் தாண்ட வேண்டும். சென்னைவாசிக்கு இது முக்கியம். மீனம்பாக்கமும் திரிசூலமும் இன்று நகரத்தோடு இடைவெளியின்றி ஒட்டிக்கிடக்கின்றன. ஆகவே மண்ணடியிலோ திருவல்லிக்கேணியிலோ குடியிருப்பவர் விமான நிலையத்தில் காத்திருக்கும்போது இன்னும் தம் ஊருக்குள்தான் இருக்கிறார். அங்கே அவர் லுஹரை நான்காகத்தான் தொழ வேண்டும். காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வந்தவரின் நிலை வேறு. அவர் தம் ஊர் எல்லையைத் தாண்டியபோதே முஸாபிர் ஆகிவிட்டார். சென்னையில் தங்கும் நாட்கள், வந்த நாளையும் போகும் நாளையும் விட்டு, முழுமையாக நான்கு நாட்களை எட்டாத வரை ஷாஃபிஈக்காரர் கஸ்ரு செய்யலாம். ஹனஃபீக்காரருக்கு அந்த எல்லை பதினைந்து நாள். ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இருவரில் ஒருவர் இரண்டு ரக்அத்தும் மற்றவர் நான்கும் தொழுவதைக் கண்டு, "இதென்ன குழப்பம்?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். இதில் குழப்பம் எதுவும் இல்லை. இருவரும் சரி. ஆனால் ஊர்வாசி இமாமாக நின்றால் பின்னால் நிற்கும் முஸாபிரும் நான்கு தொழ வேண்டும்.

சூரியனைத் துரத்திக்கொண்டு

இனித்தான் உண்மையான சிக்கல். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று திருமறையின் நான்காவது அத்தியாயம் கூறுகிறது. அந்த நேரத்தைக் காட்டுவது சூரியன். நம் கைக்கடிகாரம் அன்று. ஊரில் இருக்கும் வரை இரண்டும் ஒத்துப் போவதால் நாம் கடிகாரத்தையே நேரம் என்று எண்ணிவிடுகிறோம். விமானத்தில் அவை பிரிந்துவிடுகின்றன.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே 41 பாகை. எனவே சென்னையில் சூரியன் உச்சி சாய்ந்து 2 மணி 44 நிமிடம் கழித்தே ஜித்தாவில் சாயும். அரசாங்கக் கடிகாரங்களின் வித்தியாசம் இரண்டரை மணி. மேற்கு நோக்கிப் பறக்கும் விமானம், சூரியன் போகும் திசையிலேயே அதன் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்துடன் போகிறது. ஆகையால் பிரயாணிக்குப் பகல் நீண்டுகொண்டே போகும். தரையில் ஒரு மணி நேரத்தில் சூரியன் சாயும் அளவு சாய்வதற்கு விமானத்தில் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். காலை 10 மணிக்குச் சென்னையில் விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 12.30 ஆனதும் பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, "லுஹர் வந்துவிட்டது" என்று எழுந்து தொழுகிறார். சென்னையில் இருக்கும் அவருடைய மனைவி மக்களுக்கு லுஹர் வந்தது உண்மைதான். ஆனால் அவர் தலைக்கு மேல் சூரியன் இன்னும் உச்சியைத் தொடவில்லை. விமானத்தில் அவருக்கு உச்சி சாய்வது சென்னைக் கடிகாரப்படி ஏறத்தாழ 2 மணிக்கு, அரேபியக் கரையைத் தாண்டிய பின்னர்தான். நேரம் வருமுன் தொழுத தொழுகை பர்ளாக நிறைவேறாது. அது அவர் பொறுப்பில் அப்படியே நிற்கும். அவசரப்பட்டு எழுந்து தொழுதவருக்கு இந்த நஷ்டம் என்றால், பொறுத்திருந்தவருக்கு ஒரு சிரமமும் இல்லை. விமானம் மாலை 4 மணிக்கு, அதாவது ஜித்தாக் கடிகாரப்படி பகல் 1.30 மணிக்கு இறங்குகிறது. லுஹருடைய நேரம் அங்கே இன்னும் தாராளமாக இருக்கிறது. குடியேற்றச் சோதனையில் மணிக்கணக்கில் நிற்க நேரும் என்று அஞ்சுகிறவர், லுஹருடைய நேரத்துக்குள்ளேயே அதை அஸரோடு சேர்த்துத் தொழுவதாக நிய்யத்து வைத்துக்கொண்டால், ஷாஃபிஈ மத்ஹபின்படி பின்னுக்குத் தள்ளி ஜம்உ செய்துகொள்ளலாம்.

பகல் ஒரு மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமானால் இன்னும் எளிது. வெளியூரிலிருந்து வந்த ஷாஃபிஈ முஸாபிர், விமான நிலையத்திலேயே லுஹரையும் அஸரையும் முன்னுக்குக் கொண்டு வந்து, இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழுதுவிட்டு நிம்மதியாக ஏறலாம். முதலில் லுஹர், பிறகு அஸர் என்ற வரிசையும், முதல் தொழுகை முடிவதற்குள் சேர்த்துத் தொழும் நிய்யத்தும், இடையில் நீண்ட இடைவெளி விடாமையும் அதற்குரிய நிபந்தனைகள். ஹனஃபீக்காரருக்கு அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர இப்படிச் சேர்த்துத் தொழ வழியில்லை. ஆனால் லுஹரை அதன் இறுதியிலும் அஸரை அதன் ஆரம்பத்திலும் அடுத்தடுத்துத் தொழலாம். மேற்கே போகும்போது நேரம் நீள்வதால் அவருக்கும் நெருக்கடி இல்லை.

நெருக்கடி முழுவதும் திரும்பி வரும்போதுதான்.

திரும்பும் வழியில் மேற்குக் காற்று பின்னாலிருந்து உந்துவதால் பிரயாணம் பெரும்பாலும் ஐந்தரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இப்போது விமானம் சூரியனை எதிர்கொண்டு போகிறது. மேற்கே நீண்ட பகல், கிழக்கே சுருங்கிய இரவாக மாறுகிறது. ஜித்தாவில் இரவு 10 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் இறங்கும்போது இந்திய நேரம் காலை 6 மணி. சென்னையில் சூரியன் பருவத்துக்கேற்ப 5.40-க்கும் 6.35-க்கும் இடையே உதிக்கிறது. ஆண்டில் பல மாதங்களில், சக்கரம் தரையைத் தொடும் வேளையில் சூரியன் வெளிவந்திருக்கும், அல்லது வெளிவரும் தறுவாயில் இருக்கும். இறங்கி, வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, வெளியே வந்து தொழலாம் என்று இருப்பவருக்கு ஸுப்ஹு களாவாகிவிடும். நாற்பது நாள் ஹரம் ஷரீஃபில் ஜமாஅத்தைத் தவறவிடாதவர், ஊர் திரும்பும் முதல் காலையிலேயே ஸுப்ஹை இழக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய நஷ்டம்! ஸுப்ஹை எந்தத் தொழுகையோடும் சேர்த்துத் தொழ வழியில்லை. எந்த மத்ஹபிலும் இல்லை.

ஆகவே அதை விமானத்திலேயே தொழ வேண்டும். எப்போது? தரையில் ஃபஜ்ருக்கும் சூரிய உதயத்துக்கும் இடையே ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். கிழக்கே பறக்கும் விமானத்தில் அது ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 6 மணிக்கு இறங்கும் விமானத்தில் ஏறத்தாழ 5.10 அளவில், இந்தியாவின் மேற்குக் கடற்கரையைத் தாண்டும் வேளையில் ஃபஜ்ரு உதயமாகும் என்று கொள்ளலாம். பருவத்தால் இது முன்பின் மாறும். இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே இருக்கைப் பட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். எஞ்சுவது இருபது நிமிடம். ஜன்னல் ஓரம் அமர்ந்திருப்பவர் விமானம் போகும் திசையில், அடிவானத்தில் வெண்மை குறுக்கே பரவுவதைக் கண்ணால் காணலாம். மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும். இந்த இருபது நிமிடத்தில் நூறு பேர் ஒளூவுக்காகக் கழிப்பறை வாசலில் நின்றால் யாருக்கும் தொழுகை கிடைக்காது. ஜித்தாவிலேயே ஒளூச் செய்து, உறங்கினாலும் ஒளூ முறியாத விதத்தில் இருக்கையில் நன்றாகப் பதிந்து அமர்ந்து வருவது நல்லது. முறிந்துவிட்டால், ஃபஜ்ருக்கு முன்பே எழுந்து சிறிதளவு நீரில் பர்ளான உறுப்புகளை மட்டும் ஒரு முறை கழுவிக்கொண்டால் போதும். சிறிய தொட்டியில் நீரை அள்ளித் தரையெல்லாம் கொட்டி வைப்பது அடுத்தவருக்கு இடைஞ்சல். அது ஒளூவின் ஸுன்னத்தும் அன்று.

கிப்லா விஷயத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை. விமானம் போவதும் ஏறக்குறைய அந்தத் திசையிலேயே. ஆகவே போகும்போது விமானத்தின் மூக்கை நோக்கி நின்றால் கிப்லாவை நோக்கியதாகிவிடும். ஜித்தாவை நெருங்கும் கடைசிப் பகுதியில் மட்டும் மக்கா இடப்பக்கம் விலகிப் போகும். வரும்போது நேர் எதிர். கிப்லா வால்பக்கம் இருக்கும். இருக்கையில் அமர்ந்தபடி முன்னே பார்த்துத் தொழுதால் கிப்லாவுக்கு முதுகைக் காட்டித் தொழுததாக ஆகும். இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. எழுந்து, பணியாளரிடம் மென்மையாகச் சொல்லி, உணவு வண்டிகள் வைக்கும் இடத்திலோ கதவருகிலோ வால்பக்கம் நோக்கி நின்று, ருகூஉ ஸஜ்தாவோடு தொழ வேண்டும். இரண்டு ரக்அத்துக்கு மூன்று நிமிடம் போதும். ஒவ்வொருவராகத் தொழுதால் பணியாளர்கள் பெரும்பாலும் தடுப்பதில்லை. கூட்டமாக நின்று வழியை அடைத்தால்தான் தடுக்கிறார்கள்.

நின்று, கிப்லாவை நோக்கி, முறைப்படி தொழுதால் அத்தொழுகை நிறைவேறிவிடும். கப்பலில் தொழுவதைப் போன்றே இதையும் இக்கால உலமாக்களில் பெரும்பாலோர் கொள்கிறார்கள். விமானம் குலுங்குவதால் எழவே விடவில்லை என்றால்? இருக்கையிலேயே, முடிந்த விதத்தில் சைகையால் தொழுதுகொள்ள வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இது நேரத்தின் கண்ணியத்துக்காகத் தொழுவது. இறங்கியபின் திரும்பத் தொழ வேண்டும். மனிதர்களால் ஏற்பட்ட தடை என்பதால் ஹனஃபீ மத்ஹபிலும் திரும்பத் தொழ வேண்டியதே. திரும்பத் தொழத்தானே போகிறோம் என்று நேரத்தில் சும்மா இருந்துவிடக் கூடாது.

நோன்பாளியின் மாலை

ரமளானில் பிற்பகல் 3 மணிக்குச் சென்னையில் ஏறிய நோன்பாளிக்கு நோன்பு இரண்டே முக்கால் மணி நேரம் நீண்டுவிடுகிறது. ஊரில் 6.20-க்கு பாங்கு சொல்லி நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, தராவீஹும் தொடங்கியிருப்பார்கள். இவருக்கோ சென்னைக் கடிகாரத்தில் ஒன்பது மணி ஆகும்போதுதான் சூரியன் மறையும். "ஊரில் திறந்துவிட்டார்களே" என்று பேரீத்தம்பழத்தை வாயில் போட்டால் பகலில் உண்டதாகவே ஆகும். கீழே பறந்து கடக்கும் ஊரில் சூரியன் மறைந்ததையும் கணக்கில் எடுக்க முடியாது. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு அடிவானம் மூன்று பாகை கீழே இறங்கிவிடுவதால், நேர் கீழே தரையில் இருப்பவருக்குச் சூரியன் மறைந்து பன்னிரண்டு நிமிடத்துக்கு மேலாகியும் இவர் கண்ணுக்கு அது தெரிந்துகொண்டிருக்கும். தெரியும் வரை இவருக்குப் பகல்.

இதுவும் புதிய மஸ்அலா அன்று. அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம் போன்ற உயரமான இடத்தில் இருப்பவர் தமக்குச் சூரியன் மறையும் வரை நோன்பு திறக்கக் கூடாது என்றும், கீழே ஊரில் இருப்பவர்கள் தங்களுக்கு மறைந்ததும் திறக்கலாம் என்றும் அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் தம் ரத்துல் முஹ்தாரில் எடுத்தெழுதுகிறார்கள். துபாயில் 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜு கலீஃபா கட்டடத்தின் மேல்மாடிகளில் வசிப்பவர்கள் இரண்டு, மூன்று நிமிடம் தாமதித்துத் திறக்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டு அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் அறிவித்ததும் இதே அடிப்படையில்தான். ஆனால் தரையில் சூரியன் மறைந்ததை உறுதி செய்து நோன்பு திறந்துவிட்டு ஏறியவர், விமானம் உயர எழும்பியதும் மீண்டும் சூரியனைக் கண்டால் கலங்க வேண்டியதில்லை. அவருடைய நோன்பு நிறைவடைந்துவிட்டது என்றே சவூதி அரேபியாவின் ஃபத்வாக் குழுவினர் தீர்ப்பளித்துள்ளனர்.

முஸாபிருக்கு நோன்பை விட அனுமதி உண்டே என்பர். உண்டு. ஆனால் ஃபஜ்ருக்கு முன்பே ஊர் எல்லையைத் தாண்டியவருக்குத்தான் அன்றைய நோன்பை விட அனுமதி. ஊரில் நோன்பு வைத்துவிட்டுப் பகலில் பிரயாணம் புறப்பட்டவர் அதை முறிக்கலாகாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின் சட்டம். தாங்க இயலாத வருத்தம் ஏற்பட்டால் அது வேறு விஷயம்.

மீகாத்தும் நிமிடங்களும்

கப்பல் காலத்தில் தமிழகத்து ஹாஜிகள் ரயிலேறிப் பம்பாய் போய், அங்கிருந்து பல நாள் கடலில் மிதந்து ஜித்தா சேர்வார்கள். இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக் கப்பல்கள் 1995-ம் ஆண்டோடு நின்றுவிட்டன. கப்பலில் யலம்லம் நெருங்குவதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். குளித்து, இஹ்ராம் உடுத்தி, இரண்டு ரக்அத்து தொழுது, தல்பியா முழங்க அவகாசம் நிறைய இருந்தது. விமானம் ஒரு நிமிடத்தில் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர் போகிறது. கிழக்கிலிருந்து தரைவழியாக நுழையும் விமானம் பெரும்பாலும் தாயிஃபுக்கு அருகிலுள்ள கர்னுல் மனாஸிலின் நேரெல்லையைத் தாண்டித்தான் ஜித்தாவுக்கு வருகிறது. அந்த எல்லையைத் தாண்டி ஏறத்தாழ இருபது நிமிடத்துக்குள் இறங்கிவிடும். அறிவிப்பு வரும்போது உறக்கத்தில் இருந்தவரும், கழிப்பறையில் துணி மாற்ற வரிசையில் நின்றவரும் நிய்யத்து இல்லாமலே மீகாத்தைக் கடந்துவிடுவார்கள். இஹ்ராமின்றி மீகாத்தைக் கடந்தவர், மீண்டும் மீகாத்துக்குத் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்டாவிட்டால், ஓர் ஆட்டை தமு கொடுக்க வேண்டும்.

"ஜித்தாவில் இறங்கிக் கட்டிக்கொள்ளலாம்" என்று சொல்வாரும் உண்டு. 1986-ம் ஆண்டு அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, விமானத்தில் வருவோரும் மீகாத்தின் நேரெல்லையிலேயே இஹ்ராம் கட்ட வேண்டும் என்று தீர்மானித்தது. பெரும்பான்மையான உலமாக்களின் நிலையும் அதுவே. பேணுதலை விரும்புகிறவர் இதில் தர்க்கம் செய்ய மாட்டார்.

வழி எளிதானது. வீட்டிலோ விமான நிலையத்திலோ குளித்து, இஹ்ராம் துணியை உடுத்திக்கொள்ளுங்கள். ஆனால் நிய்யத்தை அப்போதே வைக்காதீர்கள். விமானம் தாமதமாகலாம், ரத்தும் ஆகலாம். நிய்யத்து வைத்துவிட்டால் நறுமணமும் நகம் வெட்டுவதும் ஹராமாகி, காத்திருக்கும் மணிநேரம் முழுவதும் கட்டுப்பாட்டில் கழியும். துணி உடுத்தியதால் மட்டும் இஹ்ராம் ஆகாது, நிய்யத்தே இஹ்ராம். விமானம் கிளம்பி ஐந்து மணி நேரம் ஆனதும், அறிவிப்புக்குக் காத்திராமல், நிய்யத்து வைத்துத் தல்பியா சொல்லிவிடுங்கள். மீகாத்துக்குச் சற்று முன்னரே இஹ்ராம் கட்டுவதில் குற்றமில்லை. நேரே மதீனாவுக்குப் போகிறவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவர் சாதாரண உடையில் போய், ஸியாரத்து முடித்து, மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டிக்கொள்வார்.

பதினெட்டு மணி நேரம்

ஜித்தா வழி இவ்வளவு யோசிக்க வைக்கிறதென்றால், சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகிறவரைப் பற்றி என்ன சொல்வது! ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் பறக்கும் பிரயாணம் அது. சிங்கப்பூரில் நம் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களில் மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் இவ்வழியே போகிறவர்கள் உண்டு. நள்ளிரவில் கிளம்பி, பசிபிக் பெருங்கடலின் மேல் கிழக்கு நோக்கிப் போகும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். பயணச்சீட்டில், கிளம்பும் தேதியும் சேரும் தேதியும் ஒன்றாகவே இருக்கும். அதிகாலையில் சேர்வதாகக் குறித்திருக்கும். "நள்ளிரவில் ஏறி விடியுமுன் இறங்குகிறேன், இடையில் எனக்கு என்ன தொழுகை?" என்று சீட்டைப் பார்த்து ஒருவர் எண்ணினால், அன்றைய தொழுகை அனைத்தையும் இழப்பார். ஏனெனில் நடுவழியில் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் நாட்காட்டி ஒரு நாள் பின்னோக்கிப் போகிறதே தவிர, சூரியன் பின்னோக்கிப் போகவில்லை. அவர் கண்முன் ஃபஜ்ரு உதயமாகி, உச்சி சாய்ந்து, சூரியன் மறைந்து, மீண்டும் ஓர் இரவு முழுவதும் கழிந்துவிடுகிறது. ஐவேளையும் ஆகாயத்திலேயே அவர் மீது கடமையாகிறது. அதன் பின் இறங்கும் வேளையை ஒட்டி மறுநாள் ஸுப்ஹும் வந்து நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான விந்தை ஒன்றும் இருந்தது. 2003-ம் ஆண்டு வரை ஓடிய கான்கார்டு விமானம், லண்டனிலிருந்து நியூயார்க்குக்குச் சூரியனைவிட வேகமாகப் பறந்தது. மக்ரிபுக்குப் பின் கிளம்பியவர்கள் மேற்கே சூரியன் மேலெழுவதைக் கண்டார்கள். கியாமத்தின் அடையாளமாக ஹதீஸ்களில் வரும் மேற்கு உதயம் இதுதானோ என்று யாரும் மயங்க வேண்டாம். ஏறியவர் ஓடியதால் தெரிந்த தோற்றம் அது. கீழே லண்டனில் இரவு இரவாகவே இருந்தது.

நியூயார்க் பிரயாணிக்குத் திரும்புவோம். அவர் கிளம்பியது வெள்ளிக்கிழமையின் நள்ளிரவு என்றால், அன்றைய நடுப்பகல் அவருக்குப் பசிபிக் கடலின் மேல் கழிகிறது. அப்போது அவர் முஸாபிர்; ஜும்ஆ கடமையில்லை; லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுகிறார். இறங்கும்போது அங்கே அப்போதுதான் வெள்ளிக்கிழமை விடிகிறது. அந்நகரில் குடியிருப்பவராக அவர் வீடு திரும்பியிருந்தால், சில மணி நேரத்தில் பாங்கு சொல்லப்படும் அந்த ஜும்ஆ அவர் மீது கடமை. "நேற்றே வெள்ளிக்கிழமை லுஹர் தொழுதுவிட்டேன்" என்பது அங்கே செல்லாது. இரண்டு நாள் அங்கு தங்கித் திரும்புகிறவருக்கு ஜும்ஆ கடமையில்லை. விரும்பினால் ஜமாஅத்தோடு தொழுதுகொள்ளலாம். அது அவருக்கு லுஹருக்கு ஈடாகிவிடும்.